திறக்கக்கூடிய இழுப்பறைகள்

காலை பத்து இருபதுக்குச் செயலாளர் தம் மேசையின் காலில் ஒரு காலை முட்டுக் கொடுத்துக்கொண்டு, மூன்றாவது இழுப்பறையின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில், இஸ்திரி போட்ட சட்டையோடு செய்யக்கூடிய காரியமில்லை அது. இழுப்பறை ஒரு விரல் அளவுக்கு வெளியே வந்தது. அங்கேயே நின்றுகொண்டது. உள்ளே தள்ளினாலும் போகவில்லை.

மாலை நான்கு மணிக்குள் அது திறந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் நாடா கட்டிய பச்சை ஃபைலை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட வேண்டும். நான்கு மணிக்கு எல்லார் முன்னாலும் இழுப்பறை திறக்கப்படும்போது ஃபைல் அங்கே இருந்தால் அவர் மானம் கப்பலேறிவிடும்.

அவர் செயலாளராக இருந்தது ஒரு கற்றோர் கழகத்துக்கு. அதன் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்கள் குறைவு. ஆனால் அதன் வேலை எளிமையானதுதான். ஒரே மருந்தைப் பத்துப் பேர் சோதிப்பார்கள். நாலு பேர் குணமாகிறது என்பார்கள், மூன்று பேர் இல்லை என்பார்கள், மிச்சம் மூன்று பேர் இன்னும் ஆராய வேண்டும் என்று நழுவிவிடுவார்கள். இந்தப் பத்து முடிவுகளையும் எப்படி ஒன்று சேர்த்து ஒரு பதிலாக்குவது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதுதான் கழகத்தாரின் கவலை. இதைப் பற்றி அவர்கள் முப்பது வருடமாகக் கவலைப்பட்டு வருகிறார்கள்.

கழகத்துக்கு ஒரு பரம எதிரி உண்டு. அது மேசை இழுப்பறை. நல்ல முடிவு கிடைத்தால் ஆராய்ச்சியாளர் அச்சுக்கு அனுப்புவார்; 'ஒன்றும் தேறவில்லை' என்று வந்தால் இழுப்பறையில் போட்டு மூடிவிடுவார். அச்சில் வந்ததை மட்டும் கூட்டிப் பார்ப்பது, வகுப்புக்கு வந்த பிள்ளைகளை மட்டும் எண்ணிவிட்டு யாருமே லீவு போடவில்லை என்று சொல்வது போல. ஆகவே கழகம் வருடாவருடம் உலகத்தைப் பார்த்து, "இழுப்பறைகளைத் திறவுங்கள்" என்று அறிக்கை விடும். உலகம் திறப்பதில்லை.

இந்த வருடம் உறுப்பினர்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் நம் பொறுப்பாளர்கள் திறந்து காட்டட்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டார்கள். 'கழகப் பொறுப்பாளர்கள் ஐவரும் தத்தம் அலுவலக மேசைகளின் திறக்கக்கூடிய இழுப்பறைகள் அனைத்தையும் பொதுக்கூட்டத்தில் திறந்து காட்டுவர்' என்று தீர்மானம் போட்டாயிற்று. வாசகம் செயலாளருடையது. 'திறக்கக்கூடிய' என்ற சொல் மட்டும் மற்ற நால்வரும் சேர்க்கச் சொன்னது. ஒரு காற்புள்ளிக்கு மூன்று வாரம் வாதாடும் தலைவரும் துணைத் தலைவரும் பொருளாளரும் இதழாசிரியரும் அந்த ஒரு சொல்லை இரண்டே நிமிடத்தில் ஒருமனதாக ஏற்றார்கள். அவர்களுடைய மொழிநடையைச் செயலாளர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பச்சை ஃபைலின் கதை இது. கழகத்தின் பெருமையே தலைவர் அம்மா கண்டுபிடித்த எடை முறைதான். எந்த ஆய்வுக்கு எவ்வளவு எடை என்று சொல்லும் முறை. பாடப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. பதினோரு வருடங்களுக்கு முன்பு செயலாளர் ஆர்வக் கோளாறில் அதை நாற்பது ஆய்வுத் தொகுப்புகளில் போட்டுப் பார்த்தார். வெறுமனே கூட்டிச் சராசரி எடுத்தாலும் அதே பதில்தான் வந்தது. நாற்பதிலும். மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும் அதேதான்.

அதே வாரம் அவர் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. தலைவர் அம்மா ஆஸ்பத்திரிப் பெஞ்சில் ஆறு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார், நடுநடுவே "ஆறெழுத்துல ஒரு பறவை சொல்லுங்க" என்று கேட்டார். அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து போய் அந்த அம்மாவிடம் 'உங்கள் முறையில் ஒன்றுமில்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கிழித்துப் போடலாமென்றால், கழகத்தாருக்கு ஆய்வு முடிவைக் கிழிப்பது பாவங்களிலெல்லாம் பெரிய பாவம். ஆக ஃபைல் இழுப்பறைக்குள் போனது. அன்றிலிருந்து அவர் அந்த இழுப்பறைப் பக்கமே கையை நீட்டியதில்லை.

மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, மூச்சு வாங்குது?"

"டிராயர் திறக்கலை."

"அந்த டிராயரா?"

"அந்த டிராயர்தான்."

"அப்பவே அவங்ககிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"மனசு நோகும்னுதானே சொல்லலை."

"சரி, கிழிச்சாவது போட்டிருக்கலாம்."

"முடிவைக் கிழிக்கிறதா? நீ என்ன பேசறே?"

"அப்ப இழுங்க," என்று மனைவி போனை வைத்துவிட்டாள்.

செயலாளர் இரும்பு ஸ்கேலை எடுத்து அந்த ஒரு விரல் இடுக்கில் விட்டு நெம்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். பாதி ஸ்கேல் கையில் இருந்தது, மீதிப் பாதி உள்ளே போய் இன்னும் இறுக்கமாக ஆப்பு வைத்துவிட்டது. தாழ்வாரத்துப் பக்கம் யாரோ காலையிலிருந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் பேனர் மாட்ட வந்த தச்சர். ஒரு பேனருக்கு எத்தனை ஆணி அடிப்பார் மனிதர் என்று செயலாளருக்கு எரிச்சலாக வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பொருளாளர் எட்டிப் பார்த்தார். உடம்பும் சிரிப்பும் பெரிய மனிதர்.

"என்ன செயலாளரே, சாயங்காலத்துக்கு இப்பவே ஒத்திகையா?"

"இல்ல சார். சும்மா. சிக்கிடுச்சு."

"சிக்கினா விட்டுடுங்களேன். ஈரக் காத்து, மரம் ஊதும். அதுகூட எதுக்கு மல்லுக்கட்டறீங்க?"

செயலாளருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமிருந்தால் சின்னதாக ஒன்று சொல்லியிருப்பார்.

"மாத்திரை உள்ள இருக்கு," என்றார். "பிரஷர் மாத்திரை."

பொருளாளரின் சிரிப்பு நின்றது. "உங்களுக்குப் பிரஷரா? எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

"காலையில போட்டீங்களா?"

"இல்லையே. உள்ள இருக்கே."

அடுத்த நிமிடம் பொருளாளரின் குரல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. துணைத் தலைவர் ஓடி வந்தார். அவர் டாக்டர், ஓய்வு பெற்ற பிறகும் பிரஷர் பார்க்கும் கருவி இல்லாமல் வெளியே கிளம்பாதவர். செயலாளரை இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். எதிர்ப்புத் தெரிவிக்க அவர் எழுந்தபோது, "அசையாதீங்க" என்று பொருளாளர் தோளை அமுக்கினார்.

கருவி புஸ்ஸென்று காற்று விட்டது. துணைத் தலைவர் புருவத்தைச் சுளித்தார்.

"நூத்தி எழுபத்தெட்டு."

இதைக் கேட்டுச் செயலாளரே திடுக்கிட்டார். அவருக்கு வாழ்நாளில் நூற்று இருபதைத் தாண்டியதில்லை. சொன்ன பொய்க்கு அவருடைய உடம்பே இப்படிச் சாட்சி சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"என்ன மாத்திரை? பேர் சொல்லுங்க, கடையில வாங்கிட்டு வந்துடலாம்."

"பேர் ஞாபகமில்ல சார். அட்டையில போட்டிருக்கும்."

"அட்டை எங்கே?"

"டிராயர்ல."

துணைத் தலைவர் தலையை ஆட்டினார். பேர் தெரியாமல் மாத்திரை கொடுக்கிற டாக்டர் அவரில்லை. "அப்போ இதைத் திறந்துதான் ஆகணும். எல்லாரையும் கூப்பிடுங்க."

பொதுக்கூட்டத்துக்குக் காலையிலேயே வந்திறங்கிய உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்தார்கள். அறை நிரம்பியதும், எல்லாருக்கும் தெரியவில்லை என்று, நாலு பேர் மேசையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூட்ட மண்டபத்தின் நடுவில் வைத்தார்கள். பின்னாலேயே நாற்காலிகளோடு செயலாளரையும் தூக்கி வந்தார்கள். எந்த மேசையை யாரும் பார்க்கக் கூடாதென்று அவர் காலையிலிருந்து பாடுபட்டாரோ அது இப்போது விளக்குக்கு நேர் கீழே நின்றது.

வேறு ஆட்களாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்திருப்பார்கள். இவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். இதழாசிரியர், கழக இதழின் ஒவ்வொரு பக்கத்தையும் ஏழு முறை திருத்துகிறவர், சுண்ணக்கட்டியோடு பலகையின் முன் நின்றார்.

"அவசரப்பட வேண்டாம். சிக்கின டிராயரை இதுக்கு முன்னாடி யார் யார் எப்படித் திறந்தீங்க? வரிசையா சொல்லுங்க. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துட்டு முடிவெடுப்போம்."

வந்திருந்த இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேருக்கு அனுபவம் இருந்தது. சோப்புத் தடவியவர்கள் ஐந்து பேர், மெழுகு மூன்று, மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்தவர் ஒருவர். அண்ணனும் தம்பியும் தனித்தனியே சொன்னது ஒரே வீட்டு ஒரே இழுப்பறை என்று தெரிந்ததும் அதில் ஒன்று கழிக்கப்பட்டது. இரும்பு மேசைக்காரர், இது மர மேசை என்பதால், மொத்தமாக நீக்கப்பட்டார். அவர் கோபித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

"திறக்காமப் போனதையும் சொல்லணும்," என்றார் இதழாசிரியர். "நாமளே மறைச்சா எப்படி?"

ஓர் அம்மாள் பாதிக் கையைத் தூக்கினார். "எங்க வீட்டுல ஒண்ணு ஆறு வருஷமா திறக்கலை. கல்யாண போட்டோ அதுலதான் இருக்கு. நாங்களும் பெருசா முயற்சி பண்ணலை."

அதுவும் பலகையில் ஏறியது. இதற்கிடையே செயலாளரின் சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னாச்சு?"

அவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, படுத்தபடியே நடந்ததைச் சொன்னார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். தீர்மானத்துல 'திறக்கக்கூடிய'ன்னுதானே எழுதியிருக்கு?"

"ஆமா."

"தானா சிக்கிக்கிட்டா நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டு, சாயங்காலம் கையை விரிச்சிருக்க வேண்டியதுதானே?"

செயலாளர் கூரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவு சுலபமான வழி கண்ணெதிரே இருந்திருக்கிறது.

"அது ஏன் எனக்குத் தோணலை?"

"உங்களுக்குத் தோணாது," என்றாள் மனைவி, கொஞ்சம் பாசத்தோடுதான்.

பலகையில் முடிவு வந்துவிட்டது. இடது பக்கமாகச் சற்றுச் சாய்த்து மிதமான பலத்தோடு இழுக்கவும். ஆனால் நிச்சயமின்மை அதிகம் என்று இதழாசிரியர் எச்சரித்தார். சரியான வழி 'லேசாகத் தட்டுவது' முதல் 'கோடாலி' வரை எதுவாகவும் இருக்கலாம்.

"வேண்டாம் சார், எனக்கு இப்ப பரவாயில்ல," என்று செயலாளர் எழுந்தார். "டிராயர் கிடக்கட்டும். விட்டுடுங்க."

துணைத் தலைவர் உடனே அவர் கையைப் பிடித்துப் பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. அவரை மறுபடி படுக்க வைத்தார்கள்.

பொருளாளர் இடது பக்கமாகச் சாய்த்து, மிதமான பலத்தோடு இழுத்தார். பொருளாளரின் மிதம் மற்றவர்களின் மிதம் அல்ல. கைப்பிடி ஆணியோடு பெயர்ந்து அவர் கையில் வந்தது. அவர் பின்னால் சாய்ந்து இதழாசிரியர் மேல் விழுந்தார், இதழாசிரியர் பலகை மேல் விழுந்தார், பத்தொன்பது பேரின் அனுபவமும் அவர் சட்டையில் அழிந்தது. இப்போது பிடித்து இழுக்க ஒன்றும் இல்லாமல் இழுப்பறை மொட்டையாக நின்றது.

அப்போதுதான் தலைவர் அம்மா தம் அறையிலிருந்து வந்தார். நரைத்த தலை, கையில் மடித்த செய்தித்தாள், காதில் பென்சில். கூட்டம் வழிவிட்டது. நேரே வந்து செயலாளரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. செயலாளருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"கார்ப்பெண்டர் காலையிலேர்ந்து இங்கதானே இருக்கார், அவரைக் கூப்பிட்டா என்ன?" என்று ஜன்னலோரத்திலிருந்து இரும்பு மேசைக்காரர் கேட்டார்.

ஏனோ பொறுப்பாளர்கள் மூவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"அவர் போயிருப்பார்," என்றார் பொருளாளர்.

"அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்," என்றார் இதழாசிரியர், சட்டையைத் தட்டிக்கொண்டே.

"பேனர் மாட்டறவருக்கு டிராயரைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் துணைத் தலைவர்.

தலைவர் அம்மா யோசித்தார். செயலாளரின் முகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

"மனுஷன் உயிர் முக்கியம். கூப்பிடுங்க," என்றார்.

தச்சர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். மேசையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பலகையில் எஞ்சியிருந்த எழுத்தைப் படித்துப் பார்த்தார். பிறகு மேலே இருந்த இரண்டாவது இழுப்பறையை உருவி எடுத்துத் தரையில் வைத்தார். அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, ஸ்கேல் துண்டைத் தட்டிவிட்டு, எதையோ அவிழ்த்தார்.

"ஃபைல் நாடா பின்னாடி சட்டத்துல மாட்டியிருக்கு. அவ்வளவுதான்."

இழுப்பறை தானாக, சத்தமே இல்லாமல், முழுதாக வெளியே வந்தது. மாத்திரை அட்டை இல்லை. பச்சை ஃபைலும் பாதி ஸ்கேலும் மட்டும் இருந்தன. தச்சர் ஃபைலைத் தூசி தட்டி எடுத்தார். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, பெரிய எழுத்தில் இருந்த தலைப்பை நிதானமாக வாய்விட்டுப் படித்தார்.

"'தலைவரின் எடை முறையும் சாதாரணச் சராசரியும்: வேறுபாடு இல்லை.'" படித்துவிட்டு நிமிர்ந்தார். "அட, இதுலயுமா—"

"போதும், ரொம்ப நன்றி," என்று துணைத் தலைவர் அவர் முதுகில் கைவைத்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

செயலாளர் எழுந்து நின்றார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை.

"எனக்குப் பிரஷர் இல்ல," என்றார். "மாத்திரையும் இல்ல. இது பதினோரு வருஷத்துக்கு முந்தி நான் பண்ணின கணக்கு. அச்சுக்கு அனுப்பலை. இன்னைக்குக் காலையில எடுத்துட்டுப் போயி வேற இடத்துல ஒளிக்கலாம்னுதான் பார்த்தேன். மன்னிச்சிடுங்கம்மா."

தலைவர் அம்மா ஃபைலை வாங்கிக்கொண்டார். நின்றபடியே மூன்று பக்கம் புரட்டினார்.

"நாப்பதுலயும் போட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா. ரெண்டு தடவை."

"கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக.

"இழுப்பறையைத் திறக்கச் சொல்லி ஊரெல்லாம் அறிக்கை விடறோம்," என்றார் இதழாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டு. "நம்ம செயலாளரே இப்படிப் பண்ணலாமா?"

"வருத்தமா இருக்கு," என்றார் பொருளாளர். கைப்பிடி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

துணைத் தலைவர் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தலைவர் அம்மா யாரையும் பார்க்காமல், "டீ குடிச்சிட்டு வாங்க. மத்த நாலு மேசையையும் அப்புறம் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு, ஃபைலை மார்போடு அணைத்தபடி தம் அறைக்குப் போனார்.

செயலாளர் மேசை இல்லாத தம் அறையில், ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து ராஜினாமாக் கடிதம் எழுதத் தொடங்கினார். பதினோரு வருடம் ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மறைத்ததை, கடைசியில் ஊரைக் கூட்டி, விளக்குக்குக் கீழே வைத்து, அவர் முகத்துக்கு நேராகவே படிக்க வைத்தாயிற்று. தன்னைப் போல் ஒரு மோசக்காரன் இந்தக் கழகத்தில் இருந்ததில்லை என்று நினைத்தார். அப்படியே எழுதவும் செய்தார்.

வாசலில் தச்சர் கருவிப் பெட்டியோடு நின்றார். கையில் வேலைச் சீட்டு.

"ஒரு கையெழுத்து வேணும் சார். கிளம்பறேன்."

செயலாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீட்டை வாங்கினார். அந்த நிலையிலும் கடமை அவரை விடவில்லை.

"கொஞ்சம் இருந்துட்டுப் போங்க. டீ முடிஞ்சதும் இன்னும் நாலு மேசை திறக்கணும். அதுல எதாவது சிக்கினா நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும்."

"அதெல்லாம் திறக்காது சார்," என்றார் தச்சர். "தானா சிக்கினது உங்களுது ஒண்ணுதான், மத்த நாலையும் காலையில நான்தான் ஆணி அடிச்சு மூடினேன், உள்ள இருக்கிற ஃபைல்ல ஆணி பட்டுடக் கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் திறந்து காட்டித்தான் அடிக்கச் சொன்னாங்க, நாலு ஃபைல்லயும் இதே தலைப்புதான், அம்மாவோடதையும் சேர்த்து."